எரிகோ கூச்சலின் ஒரே மேடை

செங்கல்பட்டில் தொடங்கிக் கடற்கரை வரைக்கும் சலித்துத் தேடினாலும், கிறிஸ்தவ ஹார்ட்கோர் பங்க் இசைக்குழு என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைத் தொடங்கியவர் என் தாய்மாமா. குழுவின் பெயர் ‘எரிகோ கூச்சல்’; பைபிளில் ஜனங்கள் கூச்சல் போட்டே மதிலை விழவைத்த ஊர் எரிகோ. ஏறியது ஒரே மேடை, பாடியது ஒரே பாட்டு. கேள்விப்பட்டதே இல்லை என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். எங்கள் சபையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சிலர் காதைப் பொத்திக்கொண்டு சொல்வார்கள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஹார்ட்கோர் பங்க் என்றால் கிதாரை வேகமாக அடிப்பது, டிரம்ஸை அதைவிட வேகமாக அடிப்பது, அதற்கு மேல் அடிவயிற்றிலிருந்து கத்துவது. பாட்டு இரண்டு நிமிஷத்தைத் தாண்டினால் அவர்களுக்கு மானக்கேடு. மாமா சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்த்தார். அங்கே நண்பர் ஒருவர் பென் டிரைவில் கொடுத்த பாட்டுகளைக் கேட்டுப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. இந்த இசையில் நிறையப் பேர் கடவுள் இல்லையென்று கத்துகிறார்கள், நான் ‘இருக்கிறார்’ என்று கத்தப்போகிறேன் என்று கிளம்பிவிட்டார். சபைப் பாடகர் குழுவிலிருந்து கிதார் வாசிக்கிற ஒருவரை இழுத்துப்போட்டார். டிரம்ஸுக்குக் கடப்பாக்கத்து மீனவ அண்ணன் ஒருவர் வந்தார். கல்யாண பேண்டில் வாசித்துப் பழகியவர் அவர்.

முதல் ஒத்திகையில் அந்த அண்ணன் குச்சியைப் பிடித்தபடி வெகுநேரம் முழித்தார். “இன்னா மச்சான், பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?”

“அது முட்ஞ்சே போச்சுடா,” என்றார் மாமா.

மூடிக்கிடந்த இறால் குஞ்சுப் பண்ணை ஒன்றில், தண்ணீர் இல்லாத சிமெண்டுத் தொட்டிக்குள் இறங்கித்தான் ஒத்திகை. எனக்கு எட்டு வயது. குழுவின் ஒரே ரசிகை நான்தான். அடேயப்பா, அந்தச் சத்தம்! வீட்டில் கொஞ்சம் குரலை உயர்த்தினாலே பெண் பிள்ளை இப்படிக் கத்தலாமா என்பார்கள். இங்கே கத்துவதே ஊழியமாக இருந்தது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

அந்த வருஷம்தான் எனக்கு ஒரு தம்பி பிறந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வராமலே போய்விட்டான். இயேசப்பாவிடம் போயிருக்கிறான் என்று என்னிடம் சொன்னார்கள். நல்ல இடமாயிற்றே என்று நானும் நிம்மதியாக இருந்துவிட்டேன். அம்மாவைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: அழக் கூடாது, ஆண்டவரைக் கேள்வி கேட்கக் கூடாது. அம்மா அழவில்லை. கேட்கவும் இல்லை. சபைக்குப் போவதை மட்டும் நிறுத்திவிட்டாள். சமைப்பாள், எனக்குச் சடை பின்னுவாள். எது கேட்டாலும் ‘உம்’ என்பாள், அவ்வளவுதான். அதைப் பார்க்க மாமாவுக்குத் தாங்கவில்லை. அக்காவுக்கும் சேர்த்து அவர்தான் தொட்டிக்குள் உட்கார்ந்து அழுதார்.

பிறகு ஒரு பாட்டு எழுதினார். மொத்தப் பாட்டுக்கும் இரண்டே வார்த்தை: ‘எங்கே இருந்தீர்?’ கேள்வி ஆண்டவருக்கு. தொண்டை கிழியக் கத்தினாலும் மரியாதை குறையவில்லை, சபையில் வளர்ந்த பிள்ளை அல்லவா! விளைந்ததையும் வளர்த்ததையும் காணிக்கையாகக் கொண்டுவந்து ஏலம் விடுகிற அறுப்பின் பண்டிகை மேடையில் அதைப் பாடிவிட வேண்டும், அக்காவை முன்வரிசையில் உட்காரவைக்க வேண்டும் என்பது அவருடைய திட்டம். “அக்கா ஒரு வாட்டி வாயத் தொறந்து கத்திட்டா போதும்டா, பொழச்சுக்கும்,” என்று டிரம்ஸ் அண்ணனிடம் சொன்னதை நானே கேட்டேன்.

பாஸ்டர் ஒத்திகையைக் கேட்டுவிட்டு வெலவெலத்துப் போனார். “என்ன தம்பி இது, பேய் ஓட்டுற மாதிரி இருக்கு?”

“எரிகோ மதிலு தாலாட்டு பாடியா வுழுந்துச்சு பாஸ்டர்? ஜனங்க எல்லாம் கூடிக் கூவுனாங்க, வுழுந்துச்சு.”

பாஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏலத்துக்குப் பிறகு, பிரியாணிக்கு முன்பு, ஒரே ஒரு பாட்டு என்று அனுமதி கொடுத்தார். பிரியாணிக்கு முன்பு என்றால் ஒருவரும் எழுந்து போக மாட்டார்கள், அது மாமாவுக்கும் தெரியும்.

அம்மாதான் அசையவில்லை. “எனக்கு அங்க இன்னா வேல?”

“ஒரு வேலயும் இல்லக்கா. சும்மா வந்து குந்திகினு இரு. புடிக்கலன்னா எந்திரிச்சு வந்துடு.”

என்ன நினைத்தாளோ, வந்தாள்.

பண்டிகையன்று பூசணிக்காயும் சேவலும் ஏலம் போனபின் குழு மேடையேறியது. முதல் அடியிலேயே ஏலத்தில் போன சேவல் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. பெரியம்மாக்கள் முந்தானையால் காதை மூடினார்கள். மாமா கீழே குதித்து, கத்திக்கொண்டே மைக்கைக் கூட்டத்தில் நீட்டினார். இந்த இசையில் அதுதான் வழக்கம், மைக் யார் முன்னால் வருகிறதோ அவர்கள் சேர்ந்து கத்த வேண்டும். எங்கள் சபையிலோ ஆண்டவர் செய்த நன்மையைச் சாட்சி சொல்வதற்கு மட்டும்தான் மைக் கீழே வரும். முதலில் மாட்டிய அத்தை எழுந்து நின்று ஸ்தோத்திரம் சொல்லி, தன் மூட்டுவலி குணமான கதையை ஆரம்பித்துவிட்டார். டிரம்ஸும் நிற்கவில்லை, மூட்டுவலியும் நிற்கவில்லை. அடுத்தவர் மகனுக்கு வேலை கிடைத்ததைச் சொன்னார். மாமா பாவம், விடாமல் கத்தினார்.

மைக் அம்மாவிடம் வந்தது.

அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு இரண்டு கையாலும் வெடுக்கென்று பிடுங்கினாள். “எங்கே இருந்தீர்?” என்று கத்தினாள். எங்கள் அம்மாவுக்கு அப்படி ஒரு குரல் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். டிரம்ஸ் அண்ணனின் கை அந்தரத்தில் நின்றது. “எங்கே இருந்தீர்? எம்புள்ள மூச்சுக்குத் தவிச்சப்போ நீர் எங்கே இருந்தீர்?”

மாமா தலையைக் குனிந்துகொண்டார். பாஸ்டரும் குனிந்துகொண்டார்.

எனக்கோ ஒரே ஆச்சரியம். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு நடக்கும் ஓய்வுநாள் பள்ளியில் பாஸ்டர் மைக்கில் கேள்வி கேட்பார், முந்திப் பதில் சொல்கிற பிள்ளைக்குப் பரிசு. போன தடவை டிபன் பாக்ஸ் வாங்கியவள் நான். ஆண்டவர் எங்கே இருக்கிறார் என்பது இருப்பதிலேயே சுலபமான கேள்வி, பாலர் வகுப்புப் பாடம். இத்தனை பெரியவர்கள் இருந்தும் ஒருவருக்குமா தெரியவில்லை? நான் நாற்காலி மேல் ஏறி நின்று, எரிகோ கூச்சலே தோற்கிற மாதிரி கத்தினேன்:

“எங்கும் இருக்கிறார்!”

யாரும் கைதட்டவில்லை. அம்மா மைக்கைப் போட்டுவிட்டு ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். வாய்விட்டு, ஊர் கேட்க, என் தோள் நனைய அழுதாள். சரியான பதில் சொன்ன சந்தோஷம் என்று நினைத்து, பரிசு தருவாரா என்று பாஸ்டரைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு நடக்கும்போது, “உனக்குத் தெரியலன்னா என்னைக் கேட்டிருக்கலாம் இல்லம்மா?” என்றேன். “ஆமாண்டி, உன்னத்தான் கேட்டிருக்கணும்,” என்று அம்மா சிரித்தாள். அழுதழுது வீங்கிய முகம், ஆனால் நிஜமான சிரிப்பு.

எனக்கு மட்டும் ஒரு குழப்பம் தீரவில்லை. என்னை மடியில் உட்காரவைத்து அந்தக் கேள்வியையும் பதிலையும் மனப்பாடம் செய்வித்தது அம்மாதான். அவளே எப்படி அதை மறந்துபோனாள்?