டீக்கடைச் சுவரில் சாவி ஆணிகள்

கோவில்பட்டியில் பி.எஸ்சி. முடித்த சூடு ஆறுவதற்குள் வேலை கிடைத்துவிட்டது. நாகலாபுரம் பக்கத்து ஊராட்சி ஒன்றில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். தை மாதம் சேர்ந்தேன். ரோட்டுக்கரையில் இருந்த டீக்கடையைத் தாண்டி, ஓடை மணலில் ஸ்கூட்டியை உருட்டித்தான் ஊருக்குள் ஏற வேண்டும். ஓடை மேற்கே இரண்டாகப் பிரிந்து, ஊரைச் சுற்றி வந்து, கிழக்கே சேரும். அதனால் வட்டாரத்தில் எல்லோரும் ஊரைத் 'தீவு' என்பார்கள். நான் பார்த்தவரை சொட்டுத் தண்ணீர் இல்லை.

1. வரலாறும் காண வேண்டிய இடங்களும்

ஊராட்சித் தலைவர் செல்லத்தாய் அக்கா ஒருநாள் கூப்பிட்டார்.

"ஏட்டி, வெப்சைட்டுல நம்மூரைப் பத்தி நாலு வரி நல்லா எழுதிப் போடு. பாலத்துக்கு மனு போட்டிருக்கோம்லா, ஆபீசர்மாரு படிக்கட்டும்."

நாலு வரியா? நான் நாலு பக்கம் எழுதினேன். வெள்ளைக்காரப் படையின் பீரங்கி வண்டி கரிசல் சேற்றில் புதையும் என்று தெரிந்துதான் முன்னோர் இங்கே குடியேறினார்கள் என்ற ஊர்க்கதை, கல்மண்டபம், கண்மாய் நாரைகள், கோயில் கொடை. கடைசியாக, மணலில் கிரிக்கெட் ஆடும் படம். ஓரத்தில் டீக்கடைச் சுவர் அசிங்கமாகத் தெரிந்தது. ஆணிகளும் பெயிண்ட் கிறுக்கல்களுமாக இருந்ததை வெட்டிவிட்டு, கீழே எழுதினேன்: 'ஆண்டு முழுவதும் வண்டியிலேயே வரலாம்!'

2. இன்ஸ்பெக்‌ஷன்

சித்திரையில் இன்ஜினியர் வந்தார். கையில் என் பக்கத்தின் பிரிண்ட் அவுட்.

"பாலம் கேக்கீங்க. ஆண்டு முழுவதும் வண்டியில வரலாம்னு நீங்களே போட்டிருக்கீங்க. நான் எதை நம்பட்டும்?"

அக்கா என் பக்கம் திரும்பினார். "நீயாட்டி எழுதுன?"

"ஆமாக்கா."

"அய்யா, இவ தையில வந்தவ, ஐப்பசியப் பாக்கல. ரெண்டு மாசம் தண்ணி ஓடும். முட்டளவுதான். ஆனா அடியில இருக்க வண்டல் ஆளை இழுத்துரும். போன மழைக்கு, பிரசவ வலி எடுத்த பிள்ளையக் கட்டிலோட தூக்கிட்டுப் போனோம்."

"எல்லா ஊர்லயும் இதத்தான் சொல்லுதாவ. காட்டுறதுக்கு ஏதும் இருக்கா?"

நேரம் பார்த்து ஓடையில் ஒரு பையன் "அவுட்டு!" என்று கத்தினான். இன்ஜினியர் பிரிண்ட் அவுட்டை மடித்தார். என் ஒரு வரியால் ஒரு ஊரின் பாலம் போகப்போகிறது. அப்போதுதான் நான் வெட்டிய சுவர் ஞாபகம் வந்தது.

"அக்கா, டீக்கடைச் சுவத்துல பேரு எழுதி ஆணி அடிச்சிருக்கே, அது எதுக்கு?"

"நாலு மாசமா அங்கனதானே டீ குடிக்கே, இது தெரியாதா? மழைக்கு வண்டிச் சாவி மாட்டுறதுட்டி."

இன்ஜினியர் நின்றார். நாங்கள் மூவரும் மணலைக் கடந்தோம்.

3. எண்பத்தாறு ஆணிகள்

டீக்கடை அந்தோணி அண்ணாச்சி பாய்லரை விட்டு நகராமலே சொன்னார்:

"புரட்டாசி கடைசியில ஊரு வண்டி பூராவும் இந்தக் கரைக்கு வந்துரும். கடைக்குப் பின்னால சாக்குப் போட்டு மூடி நிக்கும். சாவி இங்கன தொங்கும். காலையில கயித்தப் புடிச்சு ஓடையத் தாண்டி வந்து, எடுத்துட்டு வேலைக்குப் போவாவ."

"அந்தச் சிவப்பு ஆணி?" என்று இன்ஜினியர் கைகாட்டினார்.

"ஆட்டோ சாவி. பிரசவம், பாம்புக்கடின்னா யாரும் எடுக்கலாம், கேக்க வேண்டாம்."

இன்ஜினியர் விரல் வைத்து எண்ணினார். எண்பத்தாறு. சில ஆணிகளுக்கு மேல் அப்பா பெயரை அடித்துவிட்டு மகன் பெயர் எழுதியிருந்தது. அந்தப் பெயிண்டைச் சுரண்டிப் பார்த்தார்; நேற்று பூசியதல்ல.

"இதப் போடாம நாரையப் போட்டிருக்கியேம்மா!"

போனில் வெட்டாத படம் இருந்தது. நானே வெட்டியதாக ஒப்புக்கொண்டு காட்டினேன். அதை மெயிலில் அனுப்பச் சொன்னவர், டீக்கடை பெஞ்சிலேயே உட்கார்ந்து குறிப்பு எழுதினார்.

பாலம் வர இரண்டு மழை ஆனது. இரண்டிலும் நான் கயிற்றைப் பிடித்துத்தான் அலுவலகம் போனேன்; என் ஸ்கூட்டிக்கு எண்பத்தேழாவது ஆணி. இந்த ஐப்பசியில் பாலத்தின் மேல் வண்டியில் போனபோது அண்ணாச்சி கத்தினார்:

"ஏட்டி, என் சுவத்துக்கு வேல இல்லாமப் பண்ணிட்டியே!"

இணையப் பக்கத்தில் காண வேண்டிய இடங்களில் முதலாவது இப்போது அந்தச் சுவர்தான். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே: ஊரில் பன்னிரண்டு மாதமும் இருந்து பார்க்கும் வரை, 'ஆண்டு முழுவதும்' என்று டைப் செய்யாதீர்கள்.