தென்னைக்குப் போட்ட உப்பு

என் கணவரின் படகைக் காயவிட்டுக் கெடுத்தவள் நான். வெயில் இல்லை, விதி இல்லை... நான்!

இதை முழுதாக யாரிடமும் சொன்னதில்லை. பாவசங்கீர்த்தனத்தில்கூட "ஒரு பொய் சொன்னேன் சாமி" என்று முடித்துக்கொண்டேன். என்ன பொய் என்று சாமியார் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவர் கொடுத்த ஜெபங்களைச் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். கடவுளிடமே கணக்கை மறைத்தவள் உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என்னை அறியாதவர் என்பதால் இந்தத் துணிச்சல் வருகிறதோ? அப்படியென்றால் இதுவும் ஒரு கோழைத்தனம்தானே!

திண்டுக்கல்லில் ஏது படகு என்று நீங்கள் கேட்பீர்கள். ஊரே கேட்டது.

என் கணவர் அருளப்பன் அப்போது சரக்குக் கப்பலில் ஃபிட்டர். வருடத்தில் ஒன்பது மாதம் கடலில், மூன்று மாதம் வீட்டில். எங்கள் மகள் ஜெனிட்டா சின்னவளாக இருந்தபோது மூளைக்காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தாள். கட்டிலின் கால்மாட்டில் முழந்தாளிட்டு அவர் வேண்டிக்கொண்டதை இந்தக் காதால் கேட்டேன். "தாயே... இவ பொழச்சா, ஒரு பாய்மரப் படகை என் கையாலயே சரி பண்ணி, கடல் வழியா ஒன் வேளாங்கண்ணிக்கு இவளக் கூட்டிட்டு வாரேன்."

மகள் பிழைத்தாள். அவர் படகு தேடத் தொடங்கினார்.

தொண்ணூறுகளின் கடைசியில் கொச்சியில் ஒன்று கிடைத்தது. வெளிநாட்டுக்காரர் ஒருவர் அதிலேயே குடியிருந்து தேசம் தேசமாகச் சுற்றியிருக்கிறார். வயதாகிவிட, படகை இவரிடம் கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிட்டார். பழைய மரப்படகு. உள்ளே படுக்க இடம், அடுப்பு வைக்க இடம், சாமான் போட அலமாரி... ஒரு சின்னக் குடித்தனமே நடத்தலாம்! அதை லாரியில் ஏற்றி, தாடிக்கொம்பு ரோட்டில் எங்கள் வீட்டை ஒட்டிய காலியிடத்தில் இறக்கி, மேலே கீற்றுப்பந்தல் போட்டார்.

"ஏலே அருளு, கெணத்துலயே தண்ணியக் காணோம். கப்பல எங்கலே விடப் போற?" என்று கேட்டார் எதிரே டீக்கடை வைத்திருந்த சவரியார் மாமா.

"நோவாவுக்குச் சொல்லி விட்டிருக்கேன் மாமா. மழையோட வாரேன்னு சொல்லியிருக்காரு!"

கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். இவரும் சேர்ந்து சிரித்தார். சிரித்த கையோடு படகின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டார்.

அவர் வேலை செய்வதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! ஒன்பதாவது வரை படித்த எனக்கு அதைச் சொல்லத் தெரியவில்லை. பலகையை விரல் கணுவால் தட்டுவார். காதை வைத்துக் கேட்பார். சத்தம் மந்தமாக வந்தால் அங்கே உளுத்திருக்கிறது என்று அர்த்தம். அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, புதுத் தேக்கை இழைத்து இழைத்துப் பொருத்துவார். எது பழசு, எது புதுசு என்று நகத்தால் தடவினாலும் தெரியாது. துருப்பிடித்த ஆணிகளைப் பிடுங்கிவிட்டுச் செப்பு ஆணி அடித்தார். கிழிந்த பாயை எங்கள் வீட்டுக் கூடத்தில் விரித்து, தடித்த நூலால் தைத்தார். அவருக்குத் தையல் எப்போது வந்தது? நான் கேட்டதே இல்லை. ஒரு வேலைக்கு எது தேவையோ அதை அந்தக் கை எப்படியாவது கற்றுக்கொள்ளும்.

கடைசியாகப் பலகைகளுக்கு நடுவிலுள்ள இடுக்கில் பஞ்சுத் திரி அடித்தார். கலப்பத்து வேலை என்பார்கள். நீர் உள்ளே வராமல் காப்பது அதுதான். வேடசந்தூர் மில்லில் இருந்து பஞ்சு வாங்கி வந்து, தொடையில் வைத்துத் திரித்து, மொட்டை உளியால் இடுக்கில் செருகி, மரச்சுத்தியால் அடித்துக்கொண்டே போவார். டொக்... டொக்... டொக்... ஒரு அடி கூடுதலில்லை, ஒரு அடி குறைவில்லை! அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நான் ஜெபமாலை சொல்வேன்.

விடுமுறை முடிந்தது. அடுத்த முறை வந்ததும் வர்ணம் பூசி, தூத்துக்குடிக்குக் கொண்டுபோய் நீரில் இறக்கிவிடலாம் என்றார். கிளம்பும்போது ஒரே ஒரு வேலையை என்னிடம் ஒப்படைத்தார்.

"தண்ணியிலயே வாழ்ந்த மரம் ராணி. காஞ்சா சுருங்கிரும், அடிச்ச பஞ்சும் விட்டுப்போகும். தினமும் சாக்க நனைச்சுப் பலகை மேல போட்டுட்டு, உள்ள அடியிலயும் ரெண்டு கொடம் ஊத்து. தண்ணியில கல்லுப்பு ஒரு கை போட்டுக்க. வெறுந்தண்ணி நின்னா மரம் அழுகும், உப்புத் தண்ணின்னா அழுகாது." உப்பு மூட்டைகளை அவரே தூக்கி வந்து படகுக்குப் பக்கத்தில் அடுக்கினார். "ஒனக்குச் செரமமா இருந்தா இப்பவே சொல்லிரு. வேற ஏற்பாடு பண்ணிக்குவோம்."

"அதெல்லாம் நான் பாத்துக்குவேன். நீங்க நிம்மதியாப் போயிட்டு வாங்க."

சில மாதங்கள் ஒழுங்காகத்தான் ஊற்றினேன். பிறகு கோடை வந்தது. எங்கள் பக்கத்துக் கோடை உங்களுக்குத் தெரியுமோ என்னவோ... தெருக்குழாயில் தண்ணீர் வந்தால் அது திருவிழா. எங்கள் வீட்டு அடிபம்பில் மட்டும், காலையில் அடித்தால் சில குடங்கள் வந்துகொண்டிருந்தன.

ஒரு காலையில் பின்வீட்டுப் பழனியம்மா வெறுங்குடத்தோடு வந்து நின்றாள். நான் படகுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"மரத்துக்கு ஊத்துறதுல ஒரு கொடம் எம் பிள்ளைகளுக்கு ஊத்தக் கூடாதா தாயி?"

எனக்கு உடம்பு கூசிவிட்டது. ஊற்றினேன். மறுநாள் நாலு பேர் வந்தார்கள். அப்புறம் தெருவே வந்தது. "தவிச்ச வாய்க்குத் தண்ணி குடுக்குற மகராசி" என்றார்கள். கோயிலில் நான் வந்தால் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். பிரசங்கத்தில் சாமியார் பெயர் சொல்லாமல் என்னைப் பற்றியே பேசினார்!

தாகத்துக்குத் தண்ணீர் கொடுத்தது பாவமா? இல்லை. அதைப் பாவம் என்று நான் சொல்லவில்லை.

ஆனால் கேளுங்கள்... எல்லோருக்கும் ஊற்றிய பிறகும், பொழுது சாய அடித்தால் அந்தப் பம்பில் இரண்டு குடம் வரும். எனக்குத் தெரியும். அதைப் படகுக்கு ஊற்றியிருக்கலாம். ஊற்றவில்லை. மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவதை யாராவது பார்த்துவிட்டால் அந்த 'மகராசி' போய்விடுமே என்று பயந்தேன். அது ஒன்று. இன்னொன்று இருக்கிறது. அதைச் சொல்ல இன்னும் நாக்கு கூசுகிறது... வீட்டில் இருக்கும் மூன்று மாதமும் அவர் அந்தப் படகோடுதான் இருந்தார். உயிரில்லாத ஒரு மரத்தின்மேல் எனக்குப் பொறாமை! காயட்டுமே என்று ஒரு நாள் நினைத்தேன். நினைத்தது நிஜம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதாவது துறைமுகத்தில் இருந்து எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் செய்வார். படகுக்கு ஊற்றுவதை நான் நிறுத்திய வாரம் என்னோடு பழனியம்மாவும் வந்து பக்கத்தில் நின்றாள்.

"சாக்கு காயாம இருக்கா ராணி?"

"இருக்குங்க."

"உப்புப் போடுறியா?"

"போடுறேங்க."

"அம்புட்டுக் கொடம் தூக்குனா கை வலிக்குமே... வந்து தைலம் தேச்சு விடுறேன், செத்தப் பொறுத்துக்க."

உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பார் தெரியுமா? "சனங்களுக்குக் குடுத்துரு புள்ள, படகு கெடக்குது" என்றுதான். சத்தியமாக அதைத்தான் சொல்லியிருப்பார்! நேர்ச்சையை இன்னும் ஒரு வருடம் தள்ளிவைத்திருப்பார், அவ்வளவுதான். அவர் மனமாரக் கொடுத்திருக்க வேண்டிய தண்ணீர் அது. அந்தப் புண்ணியத்தையும் அவரிடமிருந்து திருடி என் பெயரில் எழுதிக்கொண்டேன்.

இன்னும் இருக்கிறது. அவர் வருவதற்குச் சில நாட்கள் முன்னால், பிரிக்காமல் கிடந்த உப்பு மூட்டைகளை இழுத்துப்போய்த் தென்னைகளின் தூரில் கொட்டி மண்ணைத் தள்ளி மூடினேன். தென்னைக்கு உப்பு நல்லதுதானே, வீணாகவில்லை என்று சமாதானம் வேறு! வெறும் சாக்குகளை மடித்துப் பழைய இடத்திலேயே வைத்தேன். படகின் மேல் கிடந்த சாக்குகளையும் நனைத்துப் போட்டேன். ஏமாற்றுவதற்கு மட்டும் தண்ணீர் இருந்தது பாருங்கள்.

அவர் வந்தார். பையைக்கூட உள்ளே வைக்காமல் நேரே படகுக்குள் இறங்கினார். நான் அடுப்படி ஜன்னலில் நின்றேன். பலகைகளை ஒவ்வொன்றாகத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு வெளியே வந்து, பலகை இடுக்குகளை விரலால் தடவிக்கொண்டே படகைச் சுற்றி வந்தார். பஞ்சு நூல் நூலாகத் தொங்கியது. ஈரச் சாக்கைத் தொட்டுப் பார்த்தார். காலியான உப்புச் சாக்குகளைப் பார்த்தார்.

வீட்டுக்குள் வந்து என் கையைப் பிடித்தார்.

"ஒன் மேல ஒரு தப்பும் இல்ல ராணி. நீ அம்புட்டுத் தண்ணியும் ஊத்தித்தான் இருக்க. நான் அடிச்ச அடிதான் நிக்கல."

அப்போது சொல்லியிருக்க வேண்டும்... வாயைத் திறந்தேன். "சாப்பிட வாங்க" என்றுதான் வந்தது.

அந்த விடுமுறை முழுவதும் பழைய பஞ்சைக் கொக்கியால் தோண்டியெடுத்துவிட்டுப் புதிதாக அடித்தார். முகம் கோணவில்லை, ஒரு சலிப்புச் சொல் இல்லை. அதே பொறுமை, அதே சுத்தம்! ஆனால் சுத்தியின் சத்தம் மட்டும் மாறியிருந்தது. நாலு அடி அடிப்பார், நிறுத்துவார், அடித்ததையே தடவிப் பார்ப்பார், மறுபடி அடிப்பார். அந்த இடைவெளி ஒவ்வொன்றும் என் நெஞ்சில் விழுந்தது.

இந்த முறை சாக்கு நனைக்கக் கூலிக்கு ஓர் ஆளை வைத்துவிட்டுத்தான் கப்பலுக்குப் போனார். எனக்குக் கை வலிக்கக் கூடாதாம்!

அடுத்த விடுமுறையில் தூத்துக்குடியில் படகை இறக்கினோம். பூப்போல மிதந்தது. பாய் ஏறியதும் கரையில் நின்ற மீனவர்களே கைதட்டினார்கள். உள்ளே பொட்டுத் தண்ணீர் இல்லை. ஜெனிட்டா ஏறப் போனாள். இவர் தடுத்துவிட்டார்.

"வேணாம்டா கண்ணு. அப்பா வேலைய நம்பி ஒன்னய ஏத்த மாட்டேன்."

அந்த வாரமே படகை அங்கேயே ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். வேளாங்கண்ணிக்குப் பஸ்ஸில் போனோம். கொதிக்கும் மணலில் முழந்தாளிலேயே நடந்து போனார். நான் மகளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தேன். "கை சரியில்லாமப் போச்சு தாயே, வாக்குத் தவறிட்டேன்" என்று சொல்லிக்கொண்டே போனார். தோலுரிந்து ரத்தம் கசிந்தது அவருடைய முழங்காலில்! மாதா என் கண்ணைப் பார்த்தாளா? நான் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

படகை வாங்கியவர் பின்னால் சொல்லியனுப்பினார்: இத்தனை பருவம் பார்த்துவிட்டது, ஒரு சொட்டு ஒழுகவில்லை என்று. இவர் சிரித்தார். "நல்ல மனுசன். என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்றாரு."

போன மாதம் பங்குச் சாமியார் வீட்டுக்கு வந்தார். திருவிழாச் சப்பரத்தைத் தூக்கும் தண்டு ஆடுகிறதாம். "நீங்க பாத்துக் குடுத்தா எனக்கு நிம்மதியாப் போகும் அருளப்பன்" என்றார்.

"வேற நல்ல ஆளாப் பாருங்க சாமி. சனங்க தோள் குடுக்குற சாமான். என் வேல நிக்காது. சந்தேகம்னா இவளையே கேளுங்க, இவளுக்குத் தெரியும்."

சாமியார் என்னைப் பார்த்தார். என் கணவரும் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு குற்றச்சாட்டும் இல்லை. என்மேல் முழு நம்பிக்கைதான் இருந்தது...

"ஆமா சாமி" என்றேன் நான். "வேற ஆளப் பாருங்க."