அலுமாரித் தட்டில் வந்த உப்புப் பஞ்சம்

தொண்ணூறுகளின் நடுவில், மாரி ஓய்ந்த கையோடு, நான் மருதமுனைக்கு மாப்பிள்ளையாகப் போனேன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். நிக்காஹ் முடிந்ததும் மாப்பிள்ளை தன் உடுப்புப் பெட்டியோடு பெண் வீட்டில் குடியேறுவான். முதல் சில கிழமைகள் அவனுக்கு ஒதுக்கிய அறைதான் அவனுடைய உலகம். பெண்ணின் தாயான மாமி அவனோடு முகம் பார்த்துக் கதைக்க மாட்டார். அவனும் கதைக்கக் கூடாது. எனக்கு ஏதும் தேவையென்றால் அறைக்குள் நின்று பொதுவாகச் சொல்ல வேண்டும். கதவுத் திரைக்கு வெளியே நிற்கும் மாமியின் காதுக்கு அது போய்ச் சேர்ந்துவிடும்.

இரண்டாம் நாள், கணவாய் மீன் கறி நன்றாக இருக்கிறது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து மூன்று வேளையும் கணவாய். போதும் என்று சொன்னால் சமையலைக் குறை சொன்னதாகிவிடும் என்று பயந்து தின்றுகொண்டே இருந்தேன்.

ஆனால் என் உண்மையான கவலை கணவாய் அல்ல. என் மனைவி என்னோடு கதைக்கவில்லை. எதைக் கேட்டாலும் ஒன்று "ஓம்", இல்லையென்றால் "இல்ல". ஒன்பது நாட்களில் இந்த இரண்டு சொற்களுக்கு மேல் எனக்குக் கிடைக்கவில்லை. என்னைப் பிடிக்காமல் பெற்றோருக்காகத் தலையாட்டிவிட்டாளோ என்று சந்தேகப்பட்டேன். அலுமாரிக் கண்ணாடியில் என் மூக்கைப் பல கோணங்களில் பார்த்தேன். எந்தக் கோணத்திலும் ஆறுதல் கிடைக்கவில்லை.

கண்ணாடி அலுப்பூட்டியதும் அலுமாரியைத் திறந்தேன். தட்டுகளில் பழைய பத்திரிகைத் தாள்கள் விரித்திருந்தார்கள். லீவில் அடைபட்டிருக்கும் வாத்தியாருக்கு வேறென்ன வேண்டும்? சட்டைகளை ஒதுக்கிவிட்டு வாசித்தேன். 'யானை நெல் மூட்டைகளைத் தின்றது: விவசாயி முறைப்பாடு' என்று ஒரு தலைப்பு. பள்ளிக்கூடத்துக் காலைக் கூட்டத்தில் செய்தி வாசிக்கும் குரலை எடுத்து அதை வாசித்தேன். கீழே செய்தி கிழிந்து போயிருந்ததால் மிச்சத்தை நானே போட்டேன்.

"விசாரணையின்போது யானையிடம் அடையாள அட்டை இருக்கவில்லை. வதிவிடம் எதுவென்று கேட்டதற்கு அது காட்டைக் காட்டியது. கிராம சேவகரிடம் கடிதம் வாங்கி வரும்படி திருப்பி அனுப்பப்பட்டது."

கட்டிலில் உட்கார்ந்து தலையணை உறை தைத்துக்கொண்டிருந்த மனைவியின் ஊசி ஒரு கணம் நின்றது. பிறகு ஓடியது. அந்த ஒரு கணத்தை நம்பி அடுத்த நாள் நடுத்தட்டுக்குப் போனேன். அங்கே 'கரையொதுங்கிய அதிசய மீன்: பார்க்க மக்கள் வெள்ளம்' என்றிருந்தது.

"மூன்றாம் நாள், தன்னைப் பார்க்க வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பது மரியாதையல்ல என்று மீன் கவலை தெரிவித்தது" என்று வாசித்தேன். அவள் குப்புறப் படுத்து, தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அலுப்பாக்கும் என்று நினைத்து நான் அலுமாரியைச் சாத்தினேன்.

பதினோராம் நாள் கீழ்த்தட்டு. 'உப்பளங்களில் வெள்ளம்: உப்புக்குத் தட்டுப்பாடு ஏற்படலாம்.' இந்த முறை எப்படியும் சிரிக்க வைத்துவிட வேண்டும் என்று என் சொந்த ஊரையே இழுத்தேன்.

"இதனால் மாப்பிள்ளை வீட்டார் இப்போது வீடு, வளவு எதுவும் கேட்பதில்லை. ஒரு மூட்டை உப்புத்தான் கேட்கிறார்கள். மகனைக் கொடுத்தும் இன்னும் உப்பு வந்து சேரவில்லையே என்று பாலமுனையில் ஒரு தாய் ஏங்குகிறார்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். திரைக்கு வெளியே வளையல் சத்தம் கேட்டது. நான் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

மறுநாள் மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. பாலமுனையிலிருந்து என் உம்மா இறங்கினார். பின்னால் வேன்காரர் ஒரு மூட்டையை இறக்கி வைத்தார். அது உப்பு. என் வாசிப்பைக் கேட்ட மாமி, மருமகன் ஜாடையாகக் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டு, விடிந்ததும் மாமாவிடம் அந்த மூட்டையைக் கொடுத்து எங்கள் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்.

எந்த வீட்டுக்கு அனுப்பினாலும் எங்கள் வீட்டுக்கு அனுப்பியிருக்கக் கூடாது. நிக்காஹ் முடிந்து எங்கள் வீட்டார் கொடுத்த வலீமா விருந்தில் இறைச்சிக்கறிக்கு உப்புப் போட மறந்துவிட்டார்கள். சேர்ந்து சாப்பிடும் சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண் வீட்டார் ஒருவரும் வாய் திறக்காமல் தின்று முடித்தார்கள். அந்த வெட்கத்தில் உம்மா ஒரு கிழமையாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

"உப்புக் காணாதெண்டா அண்டைக்கே வாயால செல்லியிருக்கலாமே. மூட்டை கட்டி அனுப்பிக் காட்டோணுமா?" என்றார் உம்மா.

"அல்லாவே, நாங்க ஒரு குறையும் செல்லல்ல. மருமகன் ஆசப்பட்டாரெண்டு..." என்று மாமி இழுத்தார்.

"என்ட மகன் உப்புக்கு ஆசப்பட்டானா? மகன், வெளிய வா."

வெளியே போனேன். மாமி முக்காட்டை இழுத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினார். உம்மா கோபித்துக்கொண்டு இறங்கினால் இனி இந்த வாசலை மிதிக்க மாட்டார். பன்னிரண்டாம் நாளே இரண்டு குடும்பத்தையும் பிரித்தவன் என்ற பெயரோடு, வாய் திறக்காத ஒரு பெண்ணுடன் நான் காலம் முழுக்கக் குடித்தனம் நடத்த வேண்டும். காலைக் கூட்டத்தில் முழங்கிய குரல் அடியோடு காணாமல் போயிற்று.

அப்போது என் மனைவி அறையிலிருந்து அந்தத் தாளோடு வந்தாள். உம்மாவிடம் அதை நீட்டிக் காட்டி, உப்புத் தலைப்பை என் குரலிலேயே, என் இழுவையோடு வாசித்தாள்.

"இது நான் ஆறாம் வகுப்புல படிக்கக்குள்ள வந்த பேப்பர், மாமி" என்றாள். பிறகு தாளைப் பார்க்காமலே தொடர்ந்தாள். "மேலும் ஒரு செய்தி. மருதமுனையில் ஒரு புதுமாப்பிள்ளை, மனைவியைச் சிரிக்க வைக்கப் படாத பாடு பட்டார். அதனால் பாலமுனையில் உப்பு மலிந்தது. மனைவி தலையணைக்குள் முகத்தை வைத்துச் சிரித்தது அவருக்கு இன்னும் தெரியாது."

முதலில் வேன்காரர்தான் சிரித்தார். உம்மா சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் மூட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். மாமி முக்காட்டை வாயில் பொத்திக்கொண்டு குலுங்கினார். பிறகு முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

"அப்ப மகன், கணவாயும் இப்பிடிச் சும்மா செல்லினதுதானா?"

"ஓம், மாமி" என்றேன். எனக்கும் அந்த ஒரு சொல்தான் வாயில் வந்தது.

மூட்டையைப் பிரித்து ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள். உம்மா போன பிறகு அறைக்குள் மனைவியிடம், அன்றே வாய்விட்டுச் சிரித்திருக்கலாமே என்று கேட்டேன்.

"என்ட உம்மா திரைக்கு அங்கால நிக்கக்குள்ள எப்பிடிச் சிரிக்கிற?" என்றாள். அலுமாரியைத் திறந்து, என் சட்டைகளைத் தூக்கிக் கட்டிலில் போட்டுவிட்டு, மேல்தட்டுத் தாளைத் தட்டிக் காட்டினாள்.

"இதுல இன்னும் ரெண்டு தலைப்பு மிச்சமிரிக்கி. உம்மா இப்ப குசினிக்குள்ள சமைக்கிறா. வாசிங்க."