தலையைத் தூக்காத உள்ளான்

என் சித்தி எக்ஸ்ரே எடுப்பவர். மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத அறையில், நாள் முழுக்க "அசையாதீங்க, மூச்சப் பிடிங்க" என்று சொல்வதுதான் வேலை. லீவு கிடைத்தால் அசைகிற எதையாவது பார்க்க வேண்டும் அவருக்கு. அதனால் பறவை பார்க்கக் கிளம்பிவிடுவார்.

வடக்கே குளிர் தொடங்கியதும் எங்கள் கடலோரச் சதுப்பில் வலசைப் பறவைகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும். போன வருடம் அந்தக் கூட்டத்தில் ஒரு கரண்டிமூக்கு உள்ளானைப் பார்த்ததாகச் சித்தி சொன்னார். சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும். மூக்கின் நுனி மட்டும் கரண்டிபோல அகன்றிருக்கும். மிக மிக அரிய பறவை. அவருடைய பறவை பார்க்கும் குழுவின் தலைவர் நம்பவில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் எல்லோருக்கும் அவர் ஆடிட்டர்தான். "சாதா உள்ளானா இருக்கும் மேடம். மூக்குல சேறு ஒட்டியிருக்கும்" என்றார். குழுவே சிரித்தது. அன்றிலிருந்து சித்திக்குப் பெயர் சேறு மேடம்.

இந்த வருடம் எப்படியாவது அதைக் காட்டிவிட வேண்டும் என்று மேலதிகாரியின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி லீவு வாங்கினார். பள்ளி முடித்துவிட்டு நான் சும்மா இருப்பதால், டெலஸ்கோப்பின் முக்காலியைத் தூக்குகிற வேலையை அம்மா என் தலையில் கட்டினாள்.

கடல் ஏறுகிற நேரமாகப் பார்த்துப் போனோம். தண்ணீர் ஏறினால் பறவைகள் ஒதுங்கி, கரைக்குப் பக்கத்து மணல்திட்டுக்கு வரும். சித்தி போட்ட கணக்குப்படியே வந்தன. மற்றவை தையல் மிஷின் ஊசி மாதிரி சேற்றைக் குத்த, ஒன்று மட்டும் தரை துடைப்பதுபோல் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டு வந்தது. சித்தி என் கையைக் கிள்ளினார். டெலஸ்கோப்பைத் திருப்பி ஃபோகஸ் செய்வதற்குள் அது மூக்கை முதுகுச் சிறகுக்குள் செருகி, ஒற்றைக் காலில் தூங்கிவிட்டது.

மேய்கிற சேறு முங்கிவிட்டால் அவை தூங்கும். சித்திக்குத் தெரியாததல்ல, ஆசையில் மறந்துவிட்டார்.

"எந்திரிடா செல்லம்" என்றார் டெலஸ்கோப்புக்குள் பார்த்தபடி. கொஞ்ச நேரம் கழித்து, "எந்திரி சனியனே."

"சித்தி, ஒரு கல்லத் தூக்கிப் போடட்டுமா?"

"போடு. பின்னாடியே உன்னையும் தூக்கிப் போடறேன்."

வெயில் ஏறியது. கழுத்தில் கொசு. செருப்புக்குள் சேறு. பறவை அசையவே இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதுபோல் நின்றது. மருத்துவமனையில் ஒருவர்கூட இப்படி நின்றதில்லை என்று சித்தி பல்லைக் கடித்தார்.

அப்போதுதான் ஆடிட்டர் வந்தார், பெரிய தொப்பியோடு. "என்ன மேடம், இந்த வருஷமும் சேறா?"

சித்தியால் பொறுக்க முடியவில்லை. "கண்ண எடுத்தேன்னா பாரு" என்று என்னை டெலஸ்கோப்பில் நிறுத்திவிட்டு அவர் பக்கம் திரும்பினார். "சார், அது மேயற விதத்த நீங்க பாத்திருந்தா..." என்று ஆரம்பித்தார்.

எங்கிருந்தோ ஒரு நாய் குரைத்தது. பறவை தலையைத் தூக்கியது.

"சித்தி!"

அவர் பாய்ந்து வருவதற்குள் நாய் தண்ணீரில் இறங்கிவிட்டது. மொத்தக் கூட்டமும் எழுந்து, ஒரு புகைபோல வளைந்து, கடல் பக்கம் போய்விட்டது. என் போன் பைக்குள்ளேயே இருந்தது.

சித்தி என் தோளைப் பிடித்தார். "மூக்கப் பாத்தியா?"

"பாத்தேன்."

"நேராவா, பக்கவாட்டுலயா?"

ஆடிட்டரும் என்னையே பார்த்தார். நேராகப் பார்த்தேன், கரண்டிதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சேறு மேடம் என்கிற பெயர் இன்றோடு ஒழிந்துவிடும். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் சித்தி கேட்டது அவருக்குப் பிடித்த பதிலுக்காக அல்ல. கை வீங்கி வருகிற யாருக்கும் அவர் நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என இரண்டு படம் எடுக்காமல் விடமாட்டார்.

"பக்கவாட்டுல. ஒல்லியாத்தான் தெரிஞ்சுது."

பக்கவாட்டில் பார்த்தால் கரண்டியும் ஒல்லியாகத்தான் தெரியும். அது மூன்று பேருக்கும் தெரியும்.

"அப்ப குழுவுல என்னன்னு சொல்லட்டும் மேடம்?" என்றார் ஆடிட்டர். இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

"தெரியலன்னு சொல்லுங்க" என்றார் சித்தி. முக்காலியை மடக்கிய வேகத்தில் அதன் கால் உடையாததுதான் ஆச்சரியம்.

பஸ் ஏறினோம். பாதி வழியில் திடீரென்று, நோயாளியைத் திருப்புவதுபோல் என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார்.

"இவ்வளவுதான்டி. இவ்வளவு திரும்பினா என்ன குறைஞ்சா போயிடும் அதுக்கு?"

நான் தலையை அப்படியே வைத்துக்கொண்டேன். அவர் கை எடுக்கும்வரை அசையவில்லை.