வாய்க்கால் ஊரிலிருந்து வந்தவள்

அண்ணன் மனைவியை எங்கள் பக்கத்தில் நங்கை என்போம். எனக்கு வாய்த்த நங்கை ஈரோட்டுக்குக் கிழக்கே வாய்க்கால் பாய்கிற ஊரில் பிறந்தவள். மஞ்சளும் நெல்லும் விளைகிற மண். அங்கிருந்து காங்கேயத்துக்குத் தெற்கே, வானம் பார்த்த எங்கள் ஊருக்கு வாழ வந்தாள்.

எங்களுடையது ஊர் என்றும் சொல்லலாம், சின்ன டவுன் என்றும் சொல்லலாம். ஒரே கடைவீதி. அதன் கடைசியில் இரண்டு எண்ணெய் மில். மில் களத்தில் காயும் கொப்பரையின் வாசம் எந்நேரமும் துணிமணியில் ஒட்டிக்கொண்டிருக்கும். களத்தைத் தாண்டினால் கண்ணுக்கெட்டிய தூரம்வரை கொறங்காடு. கிளுவை வேலி அடைத்து, மாடு மேய்வதற்கென்றே விட்டிருக்கும் புல்வெளி அது. இடையிடையே வெள்வேல மரங்கள். ஐப்பசியில் நல்ல மழை பெய்தால் இடுப்புயரத்துக்குப் புல் நிற்கும். பெய்யாவிட்டால் செம்மண் தெரியும். பெய்யாத வருசங்கள்தான் அப்போது அதிகம்.

வந்த புதிதில் ஒருநாள் என்னோடு காட்டுக்கு வந்த நங்கை நாலா பக்கமும் பார்த்துவிட்டுக் கேட்டாள். "ஏனம்மணி, இங்க தண்ணி சத்தமே கேக்காதா?"

நான் சிரித்துவிட்டேன். எனக்குப் பதினெட்டு வயது. தண்ணீருக்குச் சத்தம் உண்டு என்பதே எனக்குப் புதிதாக இருந்தது. அவள் வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால் ஓடுமாம். ராத்திரியெல்லாம் கேட்டுக்கொண்டே இருக்குமாம். இங்கே வந்ததிலிருந்து தூக்கமே பிடிக்கவில்லை என்றாள்.

இதை நான் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். அவன் அதிகம் பேசமாட்டான். அன்றைக்குச் சாப்பிடும்போது மட்டும் அவளைப் பார்த்து, "ஒனக்கு இங்கயே ஒரு வாய்க்கா ஓட்டிக் காட்டறம் பாரு" என்றான். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். அப்பா போன பிறகு அந்த வீட்டில் சிரிப்பு கேட்டதே நங்கை வந்தபின்தான்.

அடுத்த கோடையில் கிணற்றில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய்விட்டது. மாட்டுத் தொட்டிக்கே போதவில்லை. அக்கம்பக்கத்தில் எல்லாரும் ஆழப்படுத்தினார்கள், அண்ணனும் ஆள் விட்டான். வெடி வைத்துப் பாறையை உடைத்து, கல்லை இரும்புக் கூடையில் மேலே இழுப்பார்கள். ஒரு முற்பகலில் வெடித்துப் புகை அடங்கியதும் அண்ணனே பார்க்க இறங்கினான். அடியில் ஈரம் கசிகிறது என்று கீழேயிருந்து சத்தம் போட்டான். அது எங்கள் எல்லாருக்கும் கேட்டது. நங்கை சோற்றுப் போசியோடு அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தாள். வெடியில் நெகிழ்ந்திருந்த கல்லொன்று பக்கச் சுவரிலிருந்து பெயர்ந்து விழுந்தது.

கல் இழுத்த கூடையிலேயே அவனை மேலே கொண்டுவந்தார்கள். மேலே வரும்போதே உயிர் இல்லை.

காரியத்தன்று கட்டுவதற்காக உறவுக்காரப் பெண்கள் வெள்ளைச் சீலை வாங்கி வந்திருந்தார்கள். அம்மாவும் அப்பா போன நாளிலிருந்து வெள்ளைதான். அவள் அந்தச் சீலையைத் தட்டத்தோடு வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, பழைய பச்சைச் சீலை ஒன்றை எடுத்துவந்து நங்கையிடம் கொடுத்தாள். "நாங் கட்டுனது போதுஞ் சாமி. நீ கட்ட வேண்டாம்." கூடியிருந்தவர்கள் என்னென்னவோ சொன்னார்கள்.

நங்கைக்குக் குழந்தை இல்லை. அவளுடைய அண்ணன் இரண்டு முறை அழைக்க வந்தார். அவள் போகவில்லை. விடிந்ததும் மாடுகளைக் கொறங்காட்டில் விட்டுவிட்டு வேலியோரம் உட்கார்ந்திருப்பாள். கிணற்றுப் பக்கம் மட்டும் தலை திருப்பமாட்டாள். ஒருநாள் அம்மாவின் மடியில் விழுந்து, "எனக்காவத்தானுங்க அத்தை இந்தக் கெணறு வெட்டுனாரு" என்று கதறினாள்.

"எல்லாரு ஊட்லயுந்தான் வெட்டறாங்க. மாடு குடிக்க வேண்டாமா? அப்பிடிப் பேசாத கண்ணு" என்று அம்மா அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். நான் அடுப்பங்கரையில் நின்று அழுதேன்.

வருசம் திரும்பியதும் அம்மாவே ஆள் அனுப்பி அவள் அண்ணனை வரச்சொன்னாள். "கூட்டீட்டுப் போங்க. நல்ல எடமாப் பாத்து ஒரு கண்ணாலம் பண்ணி வெய்யுங்க. நாஞ் சொன்னன்னே சொல்லுங்க" என்றாள். எங்கள் சனத்தில் அப்போது யாரும் செய்யாத காரியம்.

நங்கை அறைக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "என்னையத் தொரத்தறீங்களா அத்தை?"

"ஆமாங் கண்ணு. தொரத்தறேன்."

அம்மாவே பெட்டியை அடுக்கினாள். பஸ் ஏற்றிவிட நான்தான் போனேன். திரும்பி வந்து பார்த்தால் வீடு திறந்து கிடந்தது, அம்மா இல்லை. காட்டில் தேடினேன். நங்கை உட்காரும் வேலியோரத்தில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு கிடந்தாள். அண்ணன் இறந்தபோதுகூட அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை.

கல்யாணத்துக்கு அழைப்பு வந்தது. அம்மா ஒரு பட்டுச்சீலை கொடுத்து என்னைத்தான் அனுப்பினாள். மணவறையில் இருந்தவள் என்னைக் கண்டதும் எனக்குப் பின்னால் பார்த்தாள்.

"அத்தை வர்லியா?"

"மாடு பாக்க ஆளில்லீங்க" என்றேன். அவள் குனிந்துகொண்டாள்.

பிறகு போக்குவரத்து இல்லை. இன்னொரு வீட்டுக்குப் போனவளை நாங்கள் தேடிப் போவது முறையில்லை என்று அம்மா நினைத்தாள். எனக்கும் கல்யாணமாகி பெரியநாயக்கன்பாளையத்துக்கு வந்துவிட்டேன். மாடுகளை ஒவ்வொன்றாக விற்றுவிட்டு அம்மா தனியாகவே இருந்தாள். என்னோடு வந்து இருக்கச் சொன்னால், "அவன் இங்கதான இருக்கறான்" என்பாள்.

தொண்ணூறுகள் முடியும் தறுவாயில் அம்மா இறந்தாள். எடுத்துவிட்டு எல்லாரும் திரும்பிவந்த மத்தியானத்தில் நங்கை வந்தாள், கையில் ஒரு பெண்குழந்தையோடு. தாமதமாகத்தான் தெரியுமாம். முகம் பார்க்க முடியவில்லையே என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுது ஓய்ந்ததும் எழுந்து போய் அடுப்பு மூட்டினாள். உப்பு எங்கே, புளி எங்கே என்று யாரையும் கேட்கவில்லை. காலையிலிருந்து பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்காத எனக்கு ரசம் ஊற்றிச் சோறு பிசைந்து கொடுத்தாள்.

குழந்தை அவள் சீலையைப் பிடித்து இழுத்தது. "இது யாரு ஊடும்மா?"

"எங்கத்தை ஊடு" என்றாள் நங்கை.

சாயங்கால பஸ்ஸுக்கு அவள் போக வேண்டியிருந்தது. வீட்டுக்காரர் காத்திருப்பார் என்றாள்.