வாழ்த்துரைக்குப் பக்க எண் கிடையாது

போன வாரம் ஜமுனாமரத்தூரிலிருந்து போளூருக்கு இறங்கும் பஸ்ஸில் யாரோ ஒருவர் ஒரு கோணி சீதாப்பழத்தை என் காலடியில் வைத்துவிட்டார். வளைவுக்கு வளைவு அது என்மீது சாய்ந்தது. பாதி மலை இறங்குவதற்குள் அடிப்பழங்கள் நசுங்கி மணம் கிளம்பிவிட்டது. அந்த மணத்தில் மற்றவர்களுக்குக் காடு நினைவுக்கு வரலாம், பசி நினைவுக்கு வரலாம். எனக்குப் பக்க எண்கள் நினைவுக்கு வந்தன. சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

கல்லூரி முடித்த கையோடு போளூரில் செல்வியக்காவின் டிடிபி கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, மஞ்சள் நீராட்டு விழா பேனர், இதுதான் தினப்படி. எப்போதாவது புத்தக வேலை வந்தால் எனக்குத் தீபாவளி. சின்ன வயதிலிருந்தே எனக்கு இந்தக் கிறுக்கு உண்டு. நூலகத்தில் புத்தகமும் கையுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வீட்டில் பெருமைப்பட்டுக்கொண்டார்கள். நானோ ஓரத்தில் எவ்வளவு வெள்ளை விட்டிருக்கிறார்கள், எண்ணை நடுவில் போட்டிருக்கிறார்களா மூலையிலா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். கதையில் யார் செத்தார் என்று கேட்டால் தெரியாது.

கடைக்குப் பின்னால் இருந்த அச்சகத்தில்தான் 'பாரம்' என்றால் என்னவென்று கண்ணால் கண்டேன். பெரிய தாளில் ஒரு பக்கம் எட்டு, மறு பக்கம் எட்டு, ஆகப் பதினாறு பக்கம். மடிக்காத தாளைப் பார்த்தால் தலை சுற்றும். ஒன்றாம் பக்கத்துக்குப் பக்கத்தில் பதினாறாம் பக்கம் படுத்திருக்கும். எட்டும் ஒன்பதும் தலைகீழாகத் தொங்கும். மடித்தால்தான் யார் முன்னால், யார் பின்னால் என்று தெரியும். மடிக்கும்வரை எல்லாரும் ஒரே தாளில் சமம். அன்றைக்கு இதை வீட்டில் மூன்று முறை விளக்கினேன். அம்மா, "சரி, சாப்புடு" என்றார்.

பாரத்துக்கு ஒரு கெடுபிடி உண்டு. மூன்று பாரம் என்றால் நாற்பத்தெட்டு பக்கம். ஒரு பக்கம் கூடினாலும் நாலாவது பாரம் போட வேண்டும். அதனால் எந்தப் புத்தகத்திலும் கடைசியில் யாரையாவது குறைக்கும் நேரம் வரும். யாரை என்பதுதான் கேள்வி.

மலைமேல் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து குழந்தைகள் தின மலர் வேலை வந்தது. தமிழாசிரியர் பொறுப்பு. பிள்ளைகள் அவரை ஐயா என்றே கூப்பிடுவார்கள், அதனால் எங்களுக்கும் ஐயா. மெய்ப்புப் பார்க்க வந்தவர் ஒரு பை நிறைய சீதாப்பழத்தோடு, மல்லிகா என்ற பதினொன்றாம் வகுப்புப் பெண்ணையும் கூட்டி வந்தார். அவள்தான் மலருக்கு மாணவ ஆசிரியர். வந்ததும் அக்கா ஒரு பழத்தைப் பிளந்து தின்றுவிட்டு அதே கையால் மெய்ப்பைத் தொட்டார். பதிமூன்றாம் பக்கம் கடைசிவரை பிசுபிசுத்தது.

விஷயம் இதுதான். நாற்பத்தெட்டு பக்க மலரில் அதிகாரிகள், ஊர்ப் பெரியவர்கள் பேரில் பதினாலு வாழ்த்துரை. ஆளுக்கொரு முழுப் பக்கம், மேலே போட்டோ, கீழே கையெழுத்து. பிள்ளைகளின் எழுத்தைப் பத்துப் பாயின்ட்டுக்குச் சுருக்கியும் மூன்று பக்கம் வழிந்தது.

ஐயா மெய்ப்பைப் புரட்டினார். "மல்லிகாவோடது நாலு பக்கம் வருது பாரு. அத்த ஒரு பக்கமா ஆக்கிடும்மா. கணக்கு சரியாப் போய்டும்."

அது அவளுடைய கிராமத்திலிருந்து பள்ளிக்கு நடந்து வருவதைப் பற்றிய கட்டுரை. மழைக் காலத்தில் ஓடையில் தண்ணீர் ஏறினால் புத்தகப் பையைத் தலைமேல் கட்டிக்கொண்டு, சின்னப் பிள்ளைகளைக் கை கோத்துக் கடத்திவிடுவது வரை எழுதியிருந்தாள். தட்டச்சு செய்தபோது இரண்டு இடத்தில் கையை நிறுத்திவிட்டுப் படித்தேன். பக்கம் பார்க்கிற நான் படித்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மல்லிகா மெதுவாகத்தான் சொன்னாள். "நாங்க நடக்கறதே அவ்ளோ தூரம் ஐயா. ஒரு பக்கத்துல எங்க எறக்குவீங்க? ஓடைக்கு இந்தாண்டியா, அந்தாண்டியா?"

எனக்குள் ஏதோ துள்ளிவிட்டது. "வாழ்த்துரைய குறைக்கலாம் ஐயா. பக்கத்துக்கு நாலு பேரு. போட்டோவ ஸ்டாம்ப் சைஸ்ல போட்டுக்கலாம். நாலே பக்கத்துல முடிஞ்சிரும்."

"ஆதார் ஜெராக்ஸ் மாரி பண்ணச் சொல்றியா?" ஐயாவுக்கு வேர்த்துவிட்டது. "அவங்கள்லாம் மேடைக்கு வர்றவங்கம்மா. எனக்கு டிரான்ஸ்பர் வாங்கித் தராம வுட மாட்ட போலகீது!"

"ஏய், சும்மா கெட" என்று அக்கா என்னை அதட்டினார். "ஸ்கூல் ஆர்டரு போச்சின்னா நீயா வந்து கடைய நடத்துவ?"

"குழந்தைங்க தின மலர்ல குழந்தைங்கள குறைக்கறது இன்னா நியாயம்க்கா?"

"நியாயம் பேசற வாயி, மொதல்ல அந்தப் பதிமூணாம் பக்கத்த தொடை."

இதற்குள் மல்லிகா வாழ்த்துரைகளை வரிசையாகப் படித்துக்கொண்டிருந்தாள். எனக்கும் அதில் ஒரு சந்தேகம் இருந்தது. 'மலையின் மடியில் மலர்ந்த இம்மலர் மென்மேலும் மணம் பரப்ப' என்ற வரியை நான் ஒன்பது முறையாவது அடித்திருந்தேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஐயா, இதெல்லாம் நீங்க தான எழுதுனீங்க?"

ஐயா கர்சீப்பை எடுத்தார். வாழ்த்துரை கேட்டால் எந்த அலுவலகத்திலிருந்து எழுதி வரும்? 'நீங்களே எழுதி எடுத்தாங்க, கையெழுத்து போட்டுத் தர்றோம்' என்பதுதானே நம் ஊர் வழக்கம்.

"பதினாலும் உங்களுது தான். உங்களுத நீங்க குறைக்க எதுக்கு ஐயா பயம்?"

முதலில் சிரித்தது அக்கா. "பொண்ணு மடக்கிடுச்சி ஐயா உங்கள!" ஐயாவும் சிரித்தார், கர்சீப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டே. "அந்த மணம் பரப்பறத இன்னா பண்றது?" என்றார். "ஒரு வாட்டி பரப்புனா போதும் ஐயா" என்றேன். வாழ்த்துரை முன்னால்தான் இருக்க வேண்டும் என்று மட்டும் பிடிவாதமாக நின்றார். சரி என்றேன். பேனாவை எடுத்து, 'அச்சிடலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். டிரான்ஸ்பர் வந்தால் போக வேண்டியவர் அவர், நானில்லை.

சும்மா இருப்பேனா? முன்னால் வந்த அந்த நாலு பக்கத்துக்கும் எண்ணே போடவில்லை. பிள்ளைகளின் முதல் கவிதை தொடங்கும் இடத்தில் ஒன்று என்று போட்டேன், நடுவில், கொஞ்சம் பெரிதாக. மிச்சமான இடத்தில் எழுத்தைப் பன்னிரண்டு பாயின்ட்டுக்கு ஏற்றினேன். மல்லிகாவின் கட்டுரை இருபத்தொன்றிலிருந்து இருபத்துநான்கு வரை, ஒரு வரி குறையாமல் நின்றது.

விழாவில் ஒரு பெரியவர் மலரை முன்னும் பின்னும் புரட்டி, "நம்ம பக்கம் எத்தினியாவது?" என்று கேட்டாராம். "எண் இல்லீங்க, முன்னாடியே கீறீங்க" என்று ஐயா சொன்னாராம். டிரான்ஸ்பர் வரவில்லை. ஆனால் மறு வருடம் அந்தப் பள்ளியின் வேலை வேறு கடைக்குப் போய்விட்டது. அக்கா ஒரு மாதம் என்னைத் திட்டினார். திட்டட்டும். இன்றைக்கு அதே வேலை வந்தாலும் வாழ்த்துரைக்கு அதே நாலு பக்கம்தான் கொடுப்பேன்.

இப்போது அந்தக் கடையில் செல்போன் கவர் விற்கிறார்கள். அக்கா ஒடுகத்தூரில் மகன் வீட்டோடு இருக்கிறார். பின்னாலிருந்த அச்சகத்தில் மெஷினைக் கழற்றி எடுத்துப் போய்விட்டார்கள். மலர் இப்போது பிடிஎஃப், வாட்சப்பில் வருகிறது. பாரக் கணக்கு கிடையாது, பக்கத்துக்கு எல்லை கிடையாது. வாழ்த்துரை முப்பது, எல்லாம் முழுப் பக்கம், முழு வண்ணம். பிள்ளைகளின் எழுத்தையும் யாரும் வெட்டுவதில்லை, அத்தனையும் கடைசியில் இருக்கிறது. வாழ்த்துரைகளைத் தள்ளித் தள்ளி அதுவரை போகும் கட்டை விரலை நான் இன்னும் பார்க்கவில்லை.

எல்லாருக்கும் இடம் கிடைத்துவிட்டதே, நல்லதுதானே என்கிறார்கள் நண்பர்கள். நல்லதில்லை என்பேன். இடம் பற்றாத காலத்தில் ஒரு பெண் மலையிலிருந்து பஸ் பிடித்து இறங்கி வந்து, என் நாலு பக்கத்தைத் தொடாதீர்கள் என்று பெரியவர்களின் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். இந்த வருடம் எந்தப் பிள்ளையும் அப்படிக் கேட்டு எங்கும் இறங்கி வரவில்லை.