நான் நன்றாக இருந்த மாதங்கள்

முதலில் அது ஒரு பித்தானில்தான் தெரிந்தது. சிரம்பானை அடுத்த மம்பாவுக்கு அப்பால் ஒரு செம்பனைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் பாலர் வகுப்பு உதவியாளராக இருக்கிறேன். பிள்ளைகளுக்குப் பசியாறச் சமைப்பது, கை கழுவி விடுவது, உடை மாற்றுவது என் வேலை. ஒரு காலையில், பாலைக் கொட்டிக்கொண்ட பெண்பிள்ளை ஒன்றுக்கு வேறு சட்டை போட்டேன். பித்தானைத் துளைக்குள் தள்ள என் விரல்களால் முடியவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்த அந்தப் பிள்ளை, "டீச்சர், நானே போட்டுக்கிறேன்" என்றது.

பிறகு விரல்கள் வீங்கின. மணிக்கட்டு, முழங்கால் என்று பரவியது. காலையில் எழுந்தால் கை மரக்கட்டையாக இருக்கும். வெயில் ஏறிய பிறகுதான் மடங்கும்.

சிரம்பானில் பெரிய ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு ருமட்டாய்டு மூட்டுவாதம் (உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் நோய்) என்றார்கள். தீராது, ஆனால் அடக்கி வைக்கலாம் என்று டாக்டர் சொன்னார். மெத்தோட்ரெக்ஸேட் (அந்தத் தாக்குதலைத் தணிக்கும் மாத்திரை, வாரத்துக்கு ஒரு முறை மட்டும்) எழுதிக் கொடுத்தார். அது வேலை செய்யப் பல வாரங்கள் ஆகும் என்றும் சொன்னார். எனக்கு முதலில் வந்தது குமட்டலும் முடி உதிர்வும்தான். வலி அப்படியே இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அண்ணி வந்தார். என் கணவர் சேகரின் அக்கா அவர். சிறுவயதிலேயே தாயை இழந்த தம்பியை வளர்த்து ஆளாக்கியவர். அம்பாங்கானில் இருக்கிறார். கேப்சூல் நிறைந்த, பெயர்த்தாள் ஒட்டாத வெள்ளைப் போத்தல் ஒன்றை என் முன்னால் வைத்தார்.

"ஆஸ்பத்திரி மருந்து கிட்னிய கெடுத்துடும்லா, மாலா. இது வெறும் பச்சல. ஒன்னும் செய்யாது. நாலு நாள் சாப்பிட்டுப் பாரு."

"டாக்டர்கிட்ட கேட்டுட்டு சாப்பிடுறேன் அண்ணி."

"அவங்க வேணாம்னுதான் சொல்லுவாங்க. பொழப்பு போயிடும்ல."

நான் சேகரைப் பார்த்தேன். "அக்கா நமக்குக் கெடுதல் செய்வாங்களா?" என்றார் அவர்.

சாப்பிடத் தொடங்கிய சில நாட்களிலேயே நான் தேங்காய் துருவினேன். துருவிக்கொண்டே அழுதேன். விரல்கள் என் சொல் கேட்டன. பிள்ளைகளைத் தூக்கினேன். பசி எடுத்தது. இத்தனை சுகமாக இருக்கும்போது ஆஸ்பத்திரிக்கு எதற்குப் போவது என்று மாத்திரைகளை நிறுத்தினேன். டாக்டரைப் பார்க்கப் போவதையும் விட்டுவிட்டேன்.

நான் கையை மடக்கி விரிப்பதை அண்ணி கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார். ராசா என்ற ஊரில் யார் வீட்டுக்கோ போத்தல் கொடுக்கப் போகும்போது என்னையும் கூட்டிப்போய், "எங்க தம்பி பொண்டாட்டியப் பாருங்க, எப்படி இருந்தவ" என்று காட்டினார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மாதங்கள் போயின. முகம் உருண்டையானது. சதை போட்டு அழகாகிவிட்டேன் என்று பள்ளியில் சொன்னார்கள். ஆனால் லேசாக இடித்துக்கொண்டாலே தோல் கன்றி நீலமானது. வயிற்றில் செந்நிறக் கோடுகள் ஓடின. தண்ணீர் குடித்துக் குடித்தும் தாகம் தீரவில்லை. அண்ணியிடம் சொன்னேன். "கெட்ட தண்ணியெல்லாம் வெளியாவுது. நல்லதுதான்" என்றார்.

ஒரு நாள் போத்தல் தீர்ந்துவிட்டது என்று போன் செய்தேன். "சரக்கு வரல மாலா. வர்ற வரைக்கும் சும்மா இரு. ஒன்னும் ஆவாது." நானும் சும்மா இருந்தேன். முதலில் வாந்தி வந்தது. பிறகு எழுந்து நிற்க முடியவில்லை. பள்ளிச் சமையலறையில், அடுப்புக்கு முன்னால் விழுந்தேன்.

கண் திறந்தபோது அவசரப் பிரிவில் இருந்தேன். என் மேல் ஓர் இளம் டாக்டர் குனிந்திருந்தார். தமிழ்ப் பெண். என் முகத்தையும் கையில் இருந்த கன்றல்களையும் பார்த்துவிட்டுச் சேகரிடம் கேட்டார்.

"அண்ணே, இவங்க வெளிய ஏதாவது மருந்து சாப்பிட்டாங்களா? ஜாமு, நாட்டு மருந்து, கேப்சூல்?"

"இல்ல டாக்டர். அதெல்லாம் ஒன்னும் இல்ல."

"நல்லா யோசிச்சு சொல்லுங்க. பிரஷர் ரொம்ப கீழ போயிருக்கு. இது தெரியாம நான் தப்பா வைத்தியம் பார்த்துட்டா உயிருக்கே ஆபத்து."

"ஆஸ்பத்திரி மருந்து மட்டும்தான் டாக்டர்."

சேகர் என்னைப் பார்க்கவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்திருந்த தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதையாவது மறைக்கும்போது அவர் கண் அங்கேதான் போகும் என்று திருமணமான நாளிலிருந்து அறிவேன். எனக்கு நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. டாக்டரின் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தேன். "அண்ணி... கேப்சூல்... தெனமும்" என்றேன்.

டாக்டர் உடனே தாதியிடம் ஊசி போடச் சொன்னார்.

பிறகு அவர் விளக்கியது இது. கேப்சூலில் இருந்தது ஸ்டீராய்டு (வீக்கத்தையும் வலியையும் வேகமாக அடக்கும் மருந்து) என்று அவர் சந்தேகித்தார். போத்தலின் அடியில் மிச்சமிருந்த பொடியைச் சோதித்தபோது அது உறுதியானது. வெளியிலிருந்து அது நிறைய வந்துகொண்டிருந்தால், அட்ரினல் சுரப்பிகள் (சிறுநீரகங்களின் மேல் உள்ள சுரப்பிகள், உடலுக்கு வேண்டிய ஸ்டீராய்டை இயல்பாகச் சுரப்பவை) வேலையை மறந்துவிடும். திடீரென்று நிறுத்தினால் உடல் சரிந்துவிடும். என் இரத்தத்தில் சர்க்கரையும் ஏறியிருந்தது. வலி அடங்கியிருந்த மாதங்களிலும் நோய் ஓயாமல் மூட்டைத் தின்றிருந்தது. என் இடது கையின் இரண்டு விரல்கள் வளைந்துவிட்டன. இனி நிமிராது.

சேகர் வார்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "அக்காவ போலீஸ் பிடிச்சிட்டா என்னா பண்றது, அதான்" என்றார். நான் செத்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்கவில்லை. அவரிடம் பதில் இருந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

அண்ணியும் வந்தார். ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்திருந்தார். முழங்கால் வலியோடு நொண்டிக்கொண்டே கட்டிலருகே வந்து உட்கார்ந்தார்.

"உங்களுக்கும் முட்டி வலிக்குதே. நீங்க ஏன் அண்ணி அதச் சாப்பிடல?"

"சாப்பிட்டேன்மா. மூஞ்சி ஊதுச்சு. விட்டுட்டேன்."

"விட்டப்போ உங்களுக்கு ஒன்னும் ஆவலயா?"

"டக்குனு விடக் கூடாது, கொஞ்சங்கொஞ்சமா கொறைக்கணும்னு கொடுத்தவரு சொல்லியிருந்தாரு..."

சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே புரிந்துவிட்டது. பழத்தை உரிக்கத் தொடங்கினார்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ பயந்து சாப்பிடாம விட்டுடுவே. நீ நல்லா இருந்தேலா, மாலா. நீதானே சொன்னே."

உரித்த சுளைகளை என் பக்கம் நீட்டினார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அவர் எழுந்து போகும் வரை அசையவில்லை.

இதே நோயோடு இருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். யார் கொடுத்ததாக இருந்தாலும், எதைச் சாப்பிட்டாலும், டாக்டரிடம் சொல்லுங்கள். அப்படி ஒன்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், இதை வாசித்துவிட்டு நீங்களாக நிறுத்தாதீர்கள். முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

என் சுரப்பிகள் மெல்ல விழிக்கின்றன என்கிறார்கள். அதுவரை உடலுக்கு வேண்டிய ஸ்டீராய்டை அவர்களே மாத்திரையாகக் கொடுத்து, கொஞ்சங்கொஞ்சமாகக் குறைக்கிறார்கள். மெத்தோட்ரெக்ஸேட்டை மறுபடி தொடங்கிவிட்டேன். ஆஸ்பத்திரிக்குச் சேகர்தான் காரில் கூட்டிப்போகிறார். டாக்டர் அறைக்குள் நான் மட்டும் போகிறேன். அவர் வெளியே நாற்காலியில் இருக்கிறார். அப்படித்தான் வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டேன். ஏன் என்று அவரும் கேட்கவில்லை.

முன்பெல்லாம் காலை என்றால் அவசரம். இப்போது ஒரு காலையே ஒரு நாள் அளவுக்கு நீள்கிறது. போன வாரம் ஒரு நாள் விழித்தபோது எங்கும் வலி இல்லை. ஜன்னலில் வெளிச்சம் வந்திருந்தது. "இன்னிக்கு நல்லாருக்கா?" என்று கதவருகே நின்று சேகர் கேட்டார். வலி இல்லாத உடம்பை ஒருமுறை நம்பியவள் நான். படுத்தபடியே ஒவ்வொரு விரலாக அழுத்திப் பார்த்தேன். வலது மணிக்கட்டின் உள்பக்கம் ஓரிடத்தில் வலித்தது. அங்கேயே இன்னொரு முறை அழுத்தினேன். பிறகுதான் எழுந்து முகம் கழுவப் போனேன்.